நீ கேட்ட இரண்டு வரிப் பாராட்டு

நீ கேட்ட இரண்டு வரி இன்னும் எழுதி முடியவில்லை. போன ஞாயிறு, ஆராதனை முடிந்து நான் சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் செய்தாய். சென்னையில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கப் போகிறாய் என்றாய். கடைக்காரர்களுக்கும் லாட்ஜ்காரர்களுக்கும் வலைப்பதிவு நடத்திக் கொடுத்து வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுப்பதுதான் தொழில். உன் இணையதளத்தின் முகப்பில் முதல் வாடிக்கையாளர் என்று என் படமும் பெயரும் வர வேண்டும், அதன் கீழே நான் மனதாரச் சொன்னதாக இரண்டு வரி. "நீயே எழுதும்மா. முடியலன்னா நான் எழுதி அனுப்பறேன், நீ ஓகே சொன்னா போதும்" என்றாய். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டு வரி வரவில்லை, இந்தக் கடிதம்தான் வருகிறது. இதை நம் லாட்ஜின் வலைப்பதிவிலேயே போடப் போகிறேன். உன் புதுத் தொழிலுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, வியாபாரம் செய்கிறவர்கள் வலைப்பதிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் இடையிடையே சொல்லிவைக்கிறேன். இந்தத் துறையில் எனக்குள்ள தகுதி, இதில் நான் தோற்றுப்போனவள் என்பது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. திருத்தணி மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; வந்து தங்குகிறவர்கள் முருக பக்தர்கள். வரவேற்பறைச் சுவரில் என் மாமனார் ஒரு பைபிள் வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டியதால், ஆட்டோக்காரர்கள் எங்களுக்கு அல்லேலூயா லாட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் அந்த வசனத்தின் கீழே வரிசையில் நின்று சாவி வாங்கிக்கொண்டு போகும். இத்தனை வருடத்தில் அதனால் இரு தரப்புக்கும் ஒரு சங்கடமும் வந்ததில்லை. வந்த சங்கடமெல்லாம் தண்ணீரால் வந்ததுதான்.

நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வீட்டுக்கு வந்தவன் வரவேற்பு மேசையில் அரை நாள் உட்கார்ந்து போன் எடுத்தாய். தண்ணி வருதா, கீழ்த்தளத்துல ரூம் இருக்கா, கூட்டம் எப்படி, வெந்நீர் உண்டா என்று எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். மதியம் சாப்பிட வந்தபோது சொன்னாய்: "ஒவ்வொருத்தருக்கா சொல்லிகினு இருக்கறத ஒரே தடவ எழுதிப் போட்டுடும்மா." எனக்கு வியாபாரத்தில் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அதுதான், அதைச் சொன்னவன் நீ. இதை நான் உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உன் கம்பெனியின் சுவரில் எழுதி மாட்டத் தகுந்த வாக்கியம் அது என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று சாயந்திரமே வலைப்பதிவைத் தொடங்கிக் கொடுத்தாய். செய்தியோடை என்றால் என்ன என்று உன் நைனா கேட்டதற்குப் பால் பாக்கெட்டை உதாரணம் சொன்னாய். ஒருவர் ஒரு முறை சந்தா சொல்லிவிட்டால் போதும், அவர் கடைக்கு வரத் தேவையில்லை, நான் எழுதுகிற அன்று அது தானாக அவர் வாசலில் போய் விழும் என்றாய். எழுதாத அன்று விழாது. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் போனில் ஒரே தட்டில் நிறுத்திவிடலாம். உன் நைனா, "அப்போ பால் திரிஞ்சா உடனே தெரிஞ்சுடும்" என்றார். பிற்காலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகளைப் படித்தேன். அவர் சொன்னதைத் தாண்டி எதுவும் அவற்றில் இல்லை.

என் முதல் பதிவு உனக்கு நினைவிருக்கலாம். ஆடிக் கிருத்திகைக்கு எங்களிடம் அறை இல்லை, ஊரில் வேறெங்கும் கூட இருக்காது, இருக்கிறது என்று யாராவது சொன்னால் அறையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்று எழுதினேன். உன் நைனா படித்துவிட்டு, கடையை மூட ஆயிரம் வழி இருக்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தட்டச்சு செய்து மூட வேண்டுமா என்று கேட்டார். ஆனால் படித்தவர்கள் கூப்பிட்டு, சரி, அப்படியானால் ஆவணிக் கிருத்திகைக்கு அறை கொடுங்கள் என்று கேட்டார்கள். வராதே என்று சொன்ன வீட்டுக்குத்தான் ஜனங்கள் நம்பி வருகிறார்கள். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வியாபாரத்தில் யாரும் உண்மையை எதிர்பார்ப்பதில்லை என்பதால், அது தற்செயலாக வெளியே வந்துவிட்டால் பெரிய விளம்பரமாகிவிடுகிறது.

அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் இந்த வகைதான். மோட்டார் கருகிவிட்டது, நாளைக்குத்தான் தண்ணீர். தெருவைப் பார்த்த அறைகளில் விடியற்காலையில் பஸ் சத்தம் வரும், தூக்கம் முக்கியம் என்றால் பின்பக்க அறையைக் கேளுங்கள். மேல்மாடி குழாயில் வெந்நீர் வருவதற்குள் உங்கள் பூஜையே முடிந்துவிடும், வாளியில் கேளுங்கள். ஒரு முறை ஓர் அறையில் மூட்டைப்பூச்சி வந்தது. அறையைப் பூட்டி மருந்தடித்திருக்கிறோம் என்று அதையும் எழுதினேன். மூட்டைப்பூச்சி இருந்ததாக ஊரிலேயே நாங்கள் மட்டும்தான் ஒப்புக்கொண்டோம், அதனால் மூட்டைப்பூச்சி இல்லாத ஒரே லாட்ஜ் என்று பெயர் வாங்கினோம். புத்தூர், நகரிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்து மட்டும் படித்த குடும்பங்கள் நிறைய உண்டல்லவா? அவர்களுக்காகச் சில பதிவுகளைத் தெலுங்கில், தமிழ் எழுத்திலேயே எழுதினேன். அதைப் பார்த்துத் தமிழ் வாத்தியாரும் சிரித்தார், தெலுங்கு வாத்தியாரும் சிரித்தார். அறை கேட்டு வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அப்படிப் படித்து வந்தவர்தான் புத்தூர் முனிரத்தினம். மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா வருடம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர். பெரியவருக்குச் சர்க்கரை, அதோடு சிறுநீரை அடக்க முடியாத உபாதை. படி ஏற இறங்க முடியாது, ஆனால் காவடியைத் தோளில் வைத்தால் மலை ஏறிவிடுவார். அது எப்படி என்று நான் மருத்துவரையும் கேட்டதில்லை, பாதிரியாரையும் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியது கீழ்த்தளத்தில், உட்காரும் கழிப்பறை உள்ள அறை, அவ்வளவுதான். அந்த அறை இருக்கிறது, இந்த மாதம் பழுது, இப்போது சரியாகிவிட்டது என்று நான் எழுதுவதைப் படித்து முனிரத்தினம் கீழே எப்போதும் ஒரு வரி போடுவார். "சரிங்க அக்கா, வந்துகினு இருக்கோம்." இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவை கூட போன் செய்து உறுதி செய்துகொண்டதில்லை. நான் எழுதினால் அவருக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு எனக்குக் கண்புரை வந்தது. ஆபரேஷனுக்குப் பின் கணினித் திரையைப் பார்க்கக் கூடாது என்றார்கள். நீ அதற்குள் சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் பெரிய ஆளாகியிருந்தாய். "நான் பார்த்துக்கறேம்மா" என்றாய், பாஸ்வேர்டைக் கொடுத்தேன். என்னுடைய பழைய பதிவுகளையெல்லாம் படித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒழுங்கில்லை என்றாய். சில வாரம் நிறைய எழுதுகிறேனாம், சில வாரம் ஒன்றும் இல்லையாம். சில வாரம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லையப்பா என்றேன். "ஒண்ணும் இல்லன்னாலும் எழுதணும்மா. அப்போதான் நம்மள மறக்க மாட்டாங்க." சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் பேசிக்கொண்டிருப்பவர்களை நம் சொந்தத்திலேயே உனக்குத் தெரியும். அவர்களை யாரும் மறக்கவில்லை என்பது உண்மைதான்.

நீ செய்த முதல் காரியம், செய்தியோடையில் முழுப் பதிவும் போகாமல் நிறுத்தியது. முதல் அரை வாக்கியம் மட்டும் போகும், மீதியைப் படிக்க நம் பக்கத்துக்கு வந்தாக வேண்டும், அப்போதுதான் வருகை கணக்கில் ஏறும். பொதட்டூர்ப்பேட்டை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் மனிதருக்கு "இன்று மலைப்பாதையில் வண்டிகளுக்கு" என்பது வரைக்கும் செய்தி கிடைக்கும். வண்டிகளுக்கு அனுமதியா, தடையா என்பதை அவர் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறங்கித் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்ததாக, எழுதுகிற வேலையை இயந்திரத்திடம் கொடுத்தாய். ஆன்மிகப் பயணத்தால் மன அழுத்தம் குறையும் விதம், மலைக்காற்றின் மகத்துவம், குடும்பத்துடன் செலவிடும் நேரத்தின் அருமை என்று நாள்தோறும் வந்தது. நம் லாட்ஜில் இல்லாத தோட்டம் ஒன்றைப் பற்றி அது உருக்கமாக எழுதியிருந்தது. பல மாதத்துக்கான பதிவுகளை முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்தாய், தேதி வந்ததும் தானாகப் போய் விழும்படி. ஒவ்வொன்றின் கீழேயும் என் பெயர் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "ஒரு மனுஷரோட பேரு இருந்தாதாம்மா நம்புவாங்க" என்றாய். அப்போது நான் அதை ஒரு தொழில் நுணுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் மாலை, அடுக்கில் இருந்த ஒரு பதிவு தானாகக் கிளம்பியது. "ஆடிக் கிருத்திகைக்கு வருகிறீர்களா? பெரியவர்களுக்கான கீழ்த்தள அறைகள் உங்களுக்காகத் தயாராக உள்ளன." அந்த வாரத்தில் ஜனங்கள் அதைத்தான் அதிகம் தேடுகிறார்கள் என்று உன் இயந்திரம் கண்டுபிடித்திருந்தது. அது சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது. அறைகள் எல்லாம் பல மாதத்துக்கு முன்பே போய்விட்டன என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதை யாரும் அதனிடம் சொல்லவில்லை. வரவேற்பு மேசைக்கு அது ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலையில் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உன் நைனா ஒவ்வொருவரிடமும் கை கூப்பி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் போனை எடுத்துக் காட்டினார்கள், என் பெயர் போட்ட பதிவை. அந்தக் கூட்டத்துக்குள் முனிரத்தினம் அவர் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியவர் மஞ்சள் வேட்டியில், விரதத்தில், மாலையோடு இருந்தார். அந்த வருடம் கீழ்த்தள அறையைப் பற்றிப் பதிவில் ஒரு வார்த்தையும் வரவில்லை என்பதால், இந்தத் தடவை வேண்டாம் நைனா என்று முனிரத்தினம் அவரைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாராம். பதிவைப் பார்த்த பிறகுதான் வேன் பிடித்தார்களாம். வழியெல்லாம் வண்டி நின்று நின்று வந்திருக்கிறது. பெரியவர் என்னைப் பார்த்ததும் கழிப்பறை எங்கே என்று கையால் மட்டும் கேட்டார். கீழ்த்தள அறையில் ஆள் குளித்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவைத் தட்டினேன், இன்னொரு கதவைத் தட்டினேன். நம் வீடு மொட்டை மாடியில். வேலையாட்களின் கழிப்பறைக்குப் பின்பக்கம் படி இறங்க வேண்டும். நான் திரும்பி வந்தபோது பெரியவர் வசனத்துக்குக் கீழே நின்றபடி தலையைக் குனிந்திருந்தார். வேட்டி நனைந்து, காலடியில் தேங்கியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு குழந்தை மட்டும் அவரையே பார்த்தது.

நான் சுத்தமான வேட்டி கொண்டுவந்தேன், குளிக்க ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "வேணாம்மா. இனிமே எங்க ஏறறது?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தார். முனிரத்தினம் காவடியை வேனிலிருந்து இறக்கவே இல்லை. அவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். அந்த அப்பா அதற்கு முன் எந்த ஆடியிலும் மலை ஏறாமல் திரும்பியதில்லை.

அன்று மாலையே உனக்கு போனில் சொன்னேன். நீ உண்மையிலேயே வருத்தப்பட்டாய், அதை நான் மறுக்கவில்லை. உடனே மன்னிப்புப் போட்டுவிடலாம் என்றாய். போட்டாய். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு மனமார வருந்துகிறோம்" என்று தொடங்கி, அடுத்த கிருத்திகைக்கு முன்பதிவு செய்கிறவர்களுக்குச் சலுகை உண்டு என்று முடிந்தது. அது எல்லோர் வாசலிலும் போய் விழுந்தது, முனிரத்தினம் வாசலிலும். கீழே என் பெயர்.

நான் அவரைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்றேன். இருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை, காவடியைப் பரணில் போடச் சொல்லிவிட்டார் என்றார். அந்தப் பதிவை நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார். "அது நீங்க எழுதலன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க எழுதியிருந்தா வராதன்னுதான எழுதியிருப்பீங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"பேரு உங்களுதா இருந்துச்சே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரீசார்ஜில் பணம் அதிகமாகப் போய்விட்ட ஒரு வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வதைப் போலச் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன், வைத்துவிட்டார். அதன் பிறகு சந்தாவை நிறுத்திவிட்டார். அவரைப் போலவே பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்களை வாசலில் போய்க் கூப்பிடலாம். ஒரே தட்டில் போய்விட்டவர்களை எங்கே போய்க் கூப்பிடுவது?

பாஸ்வேர்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு நான் மறுபடியும் எழுத ஆரம்பித்தேன். மோட்டார், வெந்நீர், பஸ் சத்தம். பதிவுகள் பழையபடிதான் இருக்கின்றன. ஆனால் இப்போது அறை காலியாக இருக்கிறது என்று நான் எழுதினால், படித்தவர்கள் போன் செய்து, நெஜமாவே இருக்குதா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ என்றோ ஒரு மதியம் முடித்துவைத்த வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. இதைச் சரிசெய்யும் வழி ஏதாவது உன் துறையில் இருந்தால் சொல். இருக்காது என்று நினைக்கிறேன். நம்பிக்கையைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று எழுதுகிறவர்கள் யாரும் அதை ஒரு தடவை இழந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

நீ போன் செய்ததற்கு மறுநாள் உன் கம்பெனியின் இணையதளம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லி அனுப்பினாய். நன்றாக இருந்தது, நிறமெல்லாம் பாந்தமாக இருந்தது. அதில் ஒரு வரைபடம். ஒரு கோடு தரையோடு தரையாகப் போய்த் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. "ஒரு சிறிய மலைக்கோயில் ஊர் லாட்ஜின் வெற்றிக் கதை" என்று மேலே போட்டிருக்கிறாய். கோடு ஏறுகிற இடத்தில் இருக்கும் தேதியைப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை. அன்றைக்குத்தான் நம் பக்கத்துக்கு அத்தனை பேர் வந்திருக்கிறார்கள். ஏமாந்தவர்கள் வந்து திட்டினார்கள், திட்டியதைப் படிக்க மற்றவர்கள் வந்தார்கள். பெரியவர் மலை ஏறவில்லை, உன் கோடு ஏறியிருக்கிறது. நீ இதைத் தெரிந்தே செய்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்து செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் கொஞ்சம் தெம்பாகவாவது இருக்கும். நீ அந்தத் தேதியைப் பார்க்கவே இல்லை. உயரத்தை மட்டும் பார்த்திருக்கிறாய்.

ஆகவே அந்த இரண்டு வரிக்கு வருகிறேன். நான் மறுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்த வேலையை விட்டுவிட்டாய். முதல் வாடிக்கையாளர் சொந்தத் தாய், அவளே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் அடுத்தவர் எப்படி வருவார் என்று கேட்பாய், அந்தக் கேள்வி நியாயமானது. நான் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு மெஸ்காரரோ மருந்துக்கடைக்காரரோ என் முகத்தைப் பார்த்து நம்பித் தன் பெயரை உன்னிடம் கொடுப்பார். அவரை நம்பி யாரோ ஒரு முனிரத்தினம் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். உன் நைனாவிடம் கேட்டேன். அவர் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கேக்கறது நம்ம புள்ள. பேரு உன்னுது. நான் இன்னா சொல்றது?" என்றார். ஒரு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "கொடுக்காத" என்றார். அடுத்த சாவியைத் துடைத்துக்கொண்டே, "அவன் வராம போயிட்டா இன்னா பண்றது?" என்றார். 

என் பெயரைப் போடாதே. படத்தையும் எடுத்துவிடு. அந்த வரைபடத்தை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன், எடுத்துவிடு. உன் தொழில் நடக்கட்டும் என்று நான் ஜெபிக்கிறேன். எப்படி ஜெபிப்பது என்பதில்தான் குழப்பம். அது நன்றாக நடந்தால் யாருக்கு நல்லது என்று யோசித்ததும் வார்த்தை நின்றுவிடுகிறது. உன்னிடம் வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்காதே, அவர்களையே எழுத வைத்துக் காட்டு. அதில் வருமானம் குறைவு, கோடும் அவ்வளவாக ஏறாது. நீ செய்ய மாட்டாய் என்று தெரிந்தும் சொல்கிறேன். பெற்றவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இப்போது இதை உன் நைனாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். பெரியவரைப் பற்றிய இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.  நான் வெளியிடப் போகும் நேரத்தில், "அவன் இதப் படிப்பானா?" என்று கேட்டார்.

"எத்தன பேர் படிச்சாங்கன்னு பார்ப்பான்" என்றேன்.